சிலிக்கன் பூசினால் ஒயில் நிக்குமா?

பழைய ஹொண்டாக்களுக்கு யாழ்ப்பாணத்தில இப்ப நல்ல காலம். எம்.டி 90, சி 90, சாலி, சி.டி 125 எல்லாம் ஒரு காலத்தில கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில தறப்பாள் மூடிக் கிடந்தவை. இப்ப அவற்றைத் தேடிப் பெடியள் வல்வெட்டித்துறையில இருந்து வவுனியா வரைக்கும் அலையிறாங்கள். தாங்கிக்குப் புதுப் பெயின்ற், சைலன்சருக்குக் குரோம், சீற்றுக்குப் புது ரெக்சின், பிறகு பண்ணைப் பாலத்தில அந்திவெயிலுக்குள்ள நிப்பாட்டி ஒரு படம். 'விண்டேஜ்' எண்டு ஒரு பேரும் வந்திட்டுது.

எங்களுக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ. ஹெட்டும் சிலிண்டரும் சேருற விளிம்பில சாம்பல் நிறத்தில ஏதோ பிதுங்கி நிக்கும். சுண்ணாம்பு பூசின சுவரில சிமெந்து அப்பின மாதிரி. அது சிலிக்கன். ஹெட் கஸ்கற் போய், ஒயில் கசிஞ்சு, கழட்டி மாத்தப் பஞ்சிப்பட்டு, வெளியால பூசி மறைச்சது. பெயின்ற்றுக்குப் பல்லாயிரம் செலவழிச்ச வண்டியில கஸ்கற் மட்டும் ஏன் இப்பிடி? இந்தக் கேள்வியைக் கராச்சுக்குள்ளயே வைச்சு முடிக்கேலாது எண்டது எங்கட அபிப்பிராயம். கைவேலையை நாங்கள் என்ன விலைக்கு மதிக்கிறம் எண்டது அந்தச் சாம்பல் கோட்டில தெரியுது.

முதல்ல கஸ்கற் எண்டால் என்ன எண்டு பாப்பம். எம்.டி 90 யப்பானில தபால்காரருக்கெண்டு செய்த வண்டி. சிவப்பு நிறம் அதால வந்ததுதான். 1958இல் வந்த சூப்பர் கப்பின்ர வழியில பிறந்த பிள்ளை. அந்தச் சூப்பர் கப் குடும்பம் 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. உலகத்தில அவ்வளவு எண்ணிக்கையில செய்யப்பட்ட வேற மோட்டார் வாகனம் கிடையாது. பழைய சி 90இல சிலிண்டரின் துளை 50 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடுற தூரம் 45.6 மில்லிமீற்றர், கொள்ளளவு 89.5 சீசீ. சிலிண்டர் நிமிர்ந்து நிக்காது, முன்சில்லைப் பாத்துப் படுத்திருக்கும். அதுக்கு முன்னால மூடி மாதிரி ஹெட். ரெண்டுக்கும் நடுவில ஒரு மெல்லிய தகடு. அதுதான் ஹெட் கஸ்கற்.

இந்தத் தகட்டுக்கு ஒரே நேரத்தில மூண்டு வேலை. பெற்றோலும் காற்றும் எரியிற அறையின் அழுத்தம் வெளியில போகாமல் பிடிக்கவேணும். மேல கேம் சாஃப்ற்றுக்கு ஏறுற ஒயில் வழியை அடைக்காமல், கசியவும் விடாமல் காக்கவேணும். செயின் ஓடுற பெரிய ஓட்டையால ஒயில் திரும்பி இறங்கேக்க அது வெளியில வழியாமல் பாக்கவேணும். இதுக்கு மேல, பெரும்பாலான பழைய வண்டியளில சிலிண்டர் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பை விடக் கூட விரியும். காலமையில ரவுணுக்கு ஓடிப் பின்னேரம் வீட்டில ஆறவிடுற ஒவ்வொரு தரமும் இந்த ரெண்டு உலோகமும் ஒண்டோட ஒண்டு உரசி இழுபடும். நடுவில அகப்பட்ட தகடு முப்பது நாப்பது வருசம் அதைத் தாங்கினதே பெரிய விசயம்.

ஒயில் தெரிஞ்ச உடன ஹெட் கஸ்கற் எண்டு முடிவெடுக்கிறதும் பிழை. அந்த என்ஜினில ஒயில் வெளியில வர நாலைஞ்சு வழி இருக்கு. வால்வு மூடியின் ரப்பர் வளையம், இடப்பக்கத்து வட்ட மூடி, சிலிண்டர் அடியில இருக்கிற பேஸ் கஸ்கற் எல்லாம் சந்தேக நபர்கள்தான். காத்து அடிச்சு எல்லாத்தையும் பின்னால பரப்பிவிடும். அதால எங்க ஈரமோ அங்கதான் ஓட்டை எண்டு சொல்லேலாது. நல்ல மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? என்ஜினை மண்ணெண்ணெயில கழுவி, நல்லாக் காயவிட்டு, முகத்துக்குப் பூசுற பவுடரை ஊதிவிடுவார். பிறகு பத்து நிமிசம் ஓடவிட்டுப் பாப்பார். வெள்ளைப் பவுடரில முதல் கறுக்கிற இடம்தான் குற்றவாளி. ஒரு பவுடர் டப்பா, பத்து நிமிசப் பொறுமை, வேற ஒண்டும் தேவையில்லை.

ஹெட் கஸ்கற்தான் எண்டு தெரிஞ்சால் கழட்டத்தான் வேணும். ஒயிலை வடிச்சு, சைலன்சரையும் காபரேற்றரையும் பிரிச்சு, இடப்பக்க மூடியைத் திறந்து பறக்குஞ்சில்லைத் திருப்பி, 'டி' எண்ட எழுத்தை உடம்பில இருக்கிற கோட்டுக்கு நேர கொண்டுவரவேணும். கேம் பல்சில்லில இருக்கிற வட்டக் குறியும் ஹெட்டில இருக்கிற வெட்டுக்கு நேர வந்துதா எண்டு பாக்கவேணும். வராட்டி இன்னொரு சுத்து. நாலு அடி என்ஜினில கிராங்க் ரெண்டு தரம் சுத்தினால்தான் கேம் ஒருக்காச் சுத்தும். இதை ஏ.எல். பௌதிகவியலில படிச்சு ஏ எடுத்த எத்தினை பேருக்கு அந்தப் பல்சில்லு எங்க இருக்கு எண்டு காட்டத் தெரியும் எண்டு கேட்டால் எங்கட கூட்டத்திலயே சத்தம் குறைஞ்சிடும்.

பிறகுதான் பொறி. முன்னால நாலு நட்டு தெரியும். அந்த நாலையும் கழட்டின பிறகும் ஹெட் அசையாது. கன பேர் இந்த இடத்தில பொறுமை இழந்து, செட்டையளுக்கு இடையில ஸ்குரூ டிரைவரை வைச்சு நெம்பிப் போடுவினம். அல்லது சுத்தியலால ஒரு தட்டு. செட்டை உடையும். விசயம் என்னெண்டால் பக்கவாட்டில ஒரு சின்னப் போல்ற் இருக்கு, மண்ணும் ஒயிலும் அப்பி மூடிக் கிடக்கும். அதைக் கழட்டாட்டி ஹெட் வராது. நீங்கள் வாங்கப்போற பழைய வண்டியில செட்டை உடைஞ்சிருந்தால், முந்தி அதைத் திறந்த ஆள் அவசரக்காரன் எண்டு எழுதி வைச்ச மாதிரித்தான். விலை பேசேக்க அதையும் பாருங்கோ.

கழட்டினது பாதி வேலையும் இல்லை. மிச்சம் முழுக்கச் சுரண்டுறதில கிடக்கு. பழைய கஸ்கற் ரெண்டு பக்கமும் பிய்ஞ்சு ஒட்டியிருக்கும். அலுமினியம் மெதுவான உலோகம். இரும்புக் கம்பியால ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலே நாளைக்கு ஒயிலுக்கு வாய்க்கால். ஈரமாக்கி, ஊறவிட்டு, சவர அலகைச் சரிச்சுப் பிடிச்சு, ஆறுதலாச் சுரண்டவேணும். ஈரம் எண்டு நாங்கள் அழுத்திச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பழைய காலத்துக் கஸ்கற்றுகள் பலதில அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்தது. காய்ஞ்சபடி கம்பித் தூரிகை போட்டு உரஞ்சினால் அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போகும், பிறகு வெளியில வராது. கூரையில சீற் போட்டுப் பழகின எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் எண்டால் பயமே வாறதில்லை. கராச்சில நிண்டு சுரண்டுறவன் பதினெட்டு வயதுப் பெடியன். அவனுக்கு ஒரு முகமூடி வாங்கிக் குடுக்கிறது வண்டிக்காரருக்கும் கராச் முதலாளிக்கும் பெரிய செலவில்லை.

அடுத்தது மட்டம். ஒரு கனத்த கண்ணாடித் துண்டு, அதுக்கு மேல தண்ணி போட்டுத் தேய்க்கிற நைசான அரத்தாள். ஹெட்டை அதில கவிழ்த்து எட்டுப் போடுற மாதிரி மெதுவாத் தேய்ச்சால் பள்ளம் எங்க, மேடு எங்க எண்டு நிறத்தில தெரியும். மேடு பளபளக்கும், பள்ளம் மங்கிக் கிடக்கும். வளைஞ்ச ஹெட்டுக்கு எவ்வளவு திறமான கஸ்கற் போட்டாலும் மூண்டு மாதத்தில திரும்பக் கசியும். பிறகு 'சாமான் சரியில்லை, இந்தியன் சாமான், சீனாச் சாமான்' எண்டு பழி விழும். கஸ்கற் பாவம்.

இனிச் சிலிக்கனுக்கு வருவம். எங்களுக்குச் சிலிக்கனில கோபம் இல்லை. அதுக்கும் இடம் இருக்கு. சில மூடியளுக்கு மெல்லிசாப் பூசலாம், சில என்ஜின்களில உற்பத்திக்காரரே பூசச் சொல்லியிருக்கினம். ஹெட் கஸ்கற்றில அப்புறதுதான் ஆகாது. எரியிற அறையின் சூட்டுக்கு அது நிக்காது. அதை விட மோசம், இறுக்கேக்க வெளியில எவ்வளவு பிதுங்குதோ உள்ளுக்கும் அவ்வளவு பிதுங்கும். வெளியில பிதுங்கினதை விரலால துடைக்கலாம். உள்ளுக்குப் பிதுங்கினது ஒயில் போற மெல்லிய வழியில போய் அடைக்கும். ஒயில் போகாட்டிக் கேம் காயும், காய்ஞ்சால் தேயும். சத்தம் கேட்டுத் திறக்கேக்க கேம் சாஃப்ற்றும் போய், அது இருக்கிற ஹெட்டும் போயிருக்கும். ஒரு தகட்டின் காசை மிச்சம் பிடிக்கப்போய் முழு ஹெட்டைத் தேடிப் பழைய இரும்புக்கடையெல்லாம் ஏறி இறங்கவேணும்.

'அப்ப ஒரிஜினல் சாமான் இல்லாமல் கையே வைக்கக்கூடாதா?' எண்டு கேப்பியள். அப்பிடியும் இல்லை. ரொபர்ட் பேர்சிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நாவலில ஒரு இடம் இருக்கு. 1974இல் வந்த புத்தகம். நண்பரின் பி.எம்.டபிள்யூ.வில ஹான்டில் ஆடுது. கதைசொல்லி ஒரு பியர் ரின்னை வெட்டி நடுவில செருகலாம் எண்டுறார். நல்ல மெல்லிய அலுமினியம், துருப்பிடிக்காது, வேலைக்குக் கச்சிதம். நண்பருக்கு அது அவமானமாப் படுது. விலை உயர்ந்த வண்டிக்குப் பழைய ரின்னா! எங்கட ஊரில பிழை மற்றப் பக்கம். இங்க ரின்னை எங்க செருகலாம், எங்க செருகக்கூடாது எண்டு பிரிச்சுப் பாக்கிறதைத்தான் நாங்கள் விட்டிட்டம்.

பக்க மூடியின் கஸ்கற்றைக் கடைத்தாளில நாங்களே வெட்டலாம். தாளை மூடியின் மேல வைச்சு, விளிம்பைச் சுத்தி உருண்டைத் தலைச் சுத்தியலால மெதுமெதுவாத் தட்டிக்கொண்டு வந்தால் அச்சு விழுந்து தானா வெட்டுப்படும். அவசரத்துக்கு நல்ல மட்டைப் பெட்டியிலயும் வெட்டலாம். தூரம் போகாது, வீட்டை வந்து சேரக் காணும். பழைய செம்புக் கஸ்கற் எண்டால் அதையே திரும்பப் பாவிக்கலாம். செக்கச் செவேலெண்டு சூடாக்கி ஆறவிட்டால் செம்பு திரும்ப மெதுவாகும், அமுங்கிப் பிடிக்கும். நாலு நட்டுக்கு அடியில வாற வாஷர்களில ஒண்டு மட்டும் செம்பாயிருக்கும், ஒயில் ஏறுற வழியில இருக்கிற ஸ்ரட்டுக்கு உரியது அது. அதை இடம் மாத்திப் போட்டால் புதுக் கஸ்கற்றோடயே ஒயில் வழியும். ஹெட் கஸ்கற்றை மட்டும் தாளில வெட்டேலாது. இந்த வித்தியாசங்களைப் பெரியாக்கள் பேப்பரில எழுதி வைக்கேல்லை. கைக்குக் கைதான் வந்தது.

கைக்குக் கை வந்ததைப் பற்றிக் கதைச்சால் எங்கட வீடுகளில உடன மண்ணெண்ணெய்க் கதை வரும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. சின்னப் போத்திலில கொஞ்சப் பெற்றோலை வைச்சுக் காபரேற்றருக்குள்ள பீச்சி ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறினதும் மண்ணெண்ணெயில ஓடின காலம். 2022இல் கியூ.ஆர். காட்டைக் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றருக்கு வரிசையில நிக்கேக்கையும் இந்தக் கதைதான் ஓடினது. எங்கட ஆக்கள் எப்பிடியான விண்ணர்கள் எண்டு ஒரு பெருமை.

பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமைக்குள்ள ஒரு மறதி இருக்கு எண்டு நினைக்கிறம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. என்ஜின் தட்டும், சூடு கூடும், எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். கஸ்கற், வால்வு, பிஸ்டன் வளையம் எல்லாம் அடிபடும். அந்தப் புகையைச் சுவாசிச்சது ஆக்கள். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோக வேற வழி இல்லாமல் செய்த வேலை அது. அந்தக் காலத்து மெக்கானிக் சாமான் இல்லாததால ஒட்டுப்போட்டார், சாமான் கிடைச்சிருந்தால் ஒழுங்காப் போட்டிருப்பார். இண்டைக்குக் கஸ்கற் செற் கடையில தொங்குது. இப்பவும் சிலிக்கன் அப்பிப்போட்டு 'எங்கட ஆக்கள் எதையும் சமாளிப்பினம்' எண்டு சொல்லுறது, அந்தத் தலைமுறையின்ர கஷ்டத்தை எங்கட பஞ்சிக்குச் சாட்டாக்கிற வேலை.

அப்ப பஞ்சி யாருக்கு? மெக்கானிக்குக்கு எண்டு சொல்லித் தப்பேலாது. ஹெட் கஸ்கற் ஒழுங்கா மாத்த ஒரு நாள் போகும். கழட்ட, சுரண்ட, மட்டம் பாக்க, பூட்ட, அடுத்த நாள் திரும்பப் பாக்க. பெயின்ற் அடிக்கிறவரிட்டச் சொன்ன விலையைக் குடுக்கிற நாங்கள், கராச் அண்ணையிட்ட வந்து 'என்ன அண்ணை, ஒரு தகடு மாத்திறதுக்கு இவ்வளவோ?' எண்டு கேக்கிறம். பெயின்ற் படத்தில தெரியும், கஸ்கற் தெரியாது. ஒரு நாள் வேலைக்கு அரைநாள் கூலி எண்டால் அவர் என்ன செய்வார்? சிலிக்கன் ரியூப்பை எடுப்பார். சாம்பல் கோட்டைப் போட்டது அவர் கை. போட வைச்சது எங்கட பேரம்.

இன்னொண்டும் இருக்கு. 'படிக்காட்டிக் கராச்சில விடுவன்' எண்ட வசனத்தைக் கேக்காமல் வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளை எங்கட ஊரில குறைவு. கராச் எண்டது எங்களுக்குத் தண்டனையின் பேர். பொறியியலாளர் எண்டால் மாலை, என்ஜினைத் திறக்கிறவன் எண்டால் வாசலுக்கு வெளியில கதிரை. 2013இல் ஏ.எல்.லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதைக் கூட 'மற்றதுக்குக் கிடைக்காட்டிப் போறது' எண்டுதான் எங்கட வீடுகளில கதைக்கினம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெடியன் கராச்சில வேலை பழகினாலும் மனம் அங்க நிக்காது. ரெண்டு வருசத்தில கட்டாருக்கோ பிரான்சுக்கோ போயிடுவான். அவனைப் பிழை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஆனால் என்ஜின்ர சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளி சொல்லுற அறுபது வயது மெக்கானிக்குக்குப் பக்கத்தில இண்டைக்கு ஆர் நிண்டு பழகினம்? பல கராச்சுகளில ஒருத்தரும் இல்லை.

பொம்பிளைப் பிள்ளையள் விசயம் இதிலும் கூத்து. சாலியை யாழ்ப்பாணத்தில பேர் எடுக்க வைச்சதே ரீச்சர்மாரும் கந்தோருக்குப் போன அக்காமாரும்தான். அதே படுத்த என்ஜின், அதே 'டி' குறி. ஆனால் சாலி பழுதாப்போனால் கராச்சுக்குக் கொண்டுபோறது தம்பி அல்லது மனுசன். கராச்சில ஒரு பொம்பிளை நிண்டால் எல்லாற்ற ஸ்பனரும் ஒரு நிமிசம் நிக்கும். எங்கட கூட்டத்துத் தோழியள் ரெண்டு பேர் பவுடர் முறையைப் பழகி, ஒயில் எங்கயால வருது எண்டு தாங்களே கண்டுபிடிச்சுத்தான் கராச்சுக்குப் போகினம். அதுக்குப் பிறகு 'என்ஜின் இறக்கவேணும் தங்கச்சி' எண்ட பேச்சு ஒரு இடத்திலயும் வரேல்லை எண்டு சொல்லிச் சிரிக்கினம்.

'எலெக்ற்ரிக் வண்டி வருது, உந்தப் பழசைக் கட்டி அழுறதேன்?' எண்ட கேள்வி நியாயம்தான். புகையைப் பற்றி அவை சொல்லுறதும் உண்மை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025இல் திறக்கும் வரைக்கும் இந்தத் தீவு ஓடினது பழைய என்ஜின்களில. திறந்த பிறகும் புது வண்டி விலை சாதாரண வீட்டுக்குக் கைக்கு எட்டுறதில்லை. ஓடத்தான் போகுது எண்டால் ஒயிலை ரோட்டில ஊத்தாமல், சரியா எரிச்சு ஓடட்டும். கசியிற கஸ்கற்றோட ஓடுற வண்டிதான் கூடப் புகைக்கும்.

அதால எங்கட கோரிக்கை சின்னது. பழைய வண்டி வாங்குற நண்பர்கள் பெயின்ற்றுக்கு முதல் கஸ்கற் செற்றுக்குக் காசு ஒதுக்குங்கோ. கூலியையும் சாமானையும் வேற வேறயா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, கூலியில பேரம் பேசாதேங்கோ. வேலை நடக்கேக்க வீட்டை போகாமல் பக்கத்தில நிண்டு லைற் பிடியுங்கோ. கண்ணால பாத்தவன் அடுத்த முறை 'ஒரு தகடுதானே' எண்டு கேக்கமாட்டான். முடிஞ்சால் அண்ணையைக் கேட்டு ஃபோனில ஒரு வீடியோ எடுங்கோ, முகம் வேண்டாம் எண்டால் கையை மட்டும்.

பூட்டேக்க கவனிக்க ரெண்டு மூண்டு விசயம். நாலு நட்டையும் மூலைக்கு மூலை குறுக்கா, ரெண்டு மூண்டு தவணையா இறுக்கவேணும். ஒரே மூச்சில ஒண்டை இறுக்கினால் ஹெட் சரியும். பலம் காட்டக்கூடாது, கையேட்டில சொன்ன அளவுக்கு முறுக்கு அளக்கிற ஸ்பனரால இறுக்கினால் நல்லது. பக்கத்துச் சின்னப் போல்ற் கடைசி. பிறகு கிக்கரை மிதிக்க முதல் பறக்குஞ்சில்லைக் கையால ரெண்டு சுத்துச் சுத்திப் பாருங்கோ. எங்கயாவது உலோகம் தட்டி நிண்டால் பலவந்தம் பண்ணாமல் திரும்பத் திறவுங்கோ, செயின் ஒரு பல்லு மாறி விழுந்திருக்கும். ரெண்டு குறியும் திரும்ப நேர வந்தால் சரி.

அண்டைக்குப் பின்னேரம் கொஞ்சத் தூரம் ஓடி, இரவு முழுக்க ஆறவிட்டு, விடிய என்ஜின் குளிரா இருக்கேக்கத்தான் வால்வு இடைவெளி பாக்கிறது. ரெண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். பழைய வகைக் கஸ்கற் எண்டால் நட்டுகளையும் அப்ப ஒருக்காத் திரும்பப் பாக்கவேணும். ரெண்டாம் நாள் போற அந்தக் கால் மணித்தியாலத்துக்கும் அண்ணைக்குக் கூலி உண்டு.